பேதி மருந்துக்கு அடங்காத வயிற்றுநோய்

நம் செட்டிநாட்டு இல்லங்களில் விளக்கெண்ணெய்ச் சீசா இல்லாத அடுக்களையைக் காண்பது அரிது. குழந்தைக்கு வயிறு பொருமினாலும், கலியாண வீட்டிலே அதிரசமும் மணகோலமும் சற்று மிகுதியாய் உண்டு வந்த பெரியவருக்கு வயிறு மந்தமானாலும், அப்பத்தாவின் கை முதலில் நீளுவது அந்தச் சீசாவை நோக்கித்தான். வயிற்றைக் கழுவிவிட்டால் நோய் போய்விடும் என்பது தலைமுறை தலைமுறையாய் வந்த அனுபவம். பெரும்பாலான வேளைகளில் அந்த அனுபவம் பொய்ப்பதுமில்லை.

ஆயினும் பேதி மருந்துக்கு அடங்காத வயிற்றுநோய் ஒன்று உண்டு. பேதி மருந்தினாலேயே அது முற்றி உயிருக்கு உலை வைக்கவும் கூடும். அதன் பெயர் குடல் அடைப்பு. தொடக்கத்தில் அது அஜீரணத்தைப் போலவும், வாயுத் தொல்லையைப் போலவும், சாதாரண மலச்சிக்கலைப் போலவும் வேடமிட்டு வருகிறது. அதனால் வீட்டார் ஏமாறுகிறார்கள். 'இன்றிரவு போகட்டும், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போடும் அந்த ஓரிரவுக்குள் காரியம் மிஞ்சிவிடுகிறது. பங்குக் குருக்களாகிய நம்மை நள்ளிரவில் நோயில்பூசுதலுக்கு அழைக்கும் வீடுகளிற் சில, நண்பகலிலேயே மருத்துவரை அழைத்திருக்க வேண்டிய வீடுகள். ஆகவே குடும்பத்தார் யாவரும் இந்நோயின் இயல்பைத் தெரிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

குடலின் வேலை

நாம் உண்ணும் உணவு இரைப்பையைக் கடந்ததும் சிறுகுடலுக்குள் புகுகிறது. வளர்ந்தவர் ஒருவருடைய சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர், அதாவது 20 அடி நீளமுடையது. அதனைத் தொடர்ந்து வரும் பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். 'ஒரு சாண் வயிறு' என்று நாம் சொல்லும் இடத்திற்குள் இத்துணை நீளமான குழாய் மடிந்து மடிந்து கிடக்கிறது. மண்புழு ஊர்வதைப் போன்று குடலின் தசைகள் அலையலையாய்ச் சுருங்கி விரிவதால், உணவு மேலிருந்து கீழாக மெல்ல நகர்த்தப்படுகிறது.

இக்குழாய்க்குள் ஓடும் நீரின் அளவு பலருக்கு வியப்பூட்டும். நாம் அருந்தும் நீரும் உணவிலுள்ள நீரும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர். அதனுடன் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர், குடற்சாறு ஆகியவை ஏறத்தாழ 6 அல்லது 7 லிட்டர் வந்து சேருகின்றன. இவை யாவும் இரத்தத்திலிருந்து ஊறி வருபவை. வேலை முடிந்ததும் குடற்சுவரின் வழியே மீண்டும் இரத்தத்திற்கே திரும்பிவிடுகின்றன. மலத்தோடு வெளியேறும் நீர் மிகச் சிறிதளவே.

இனி, இக்குழாயில் ஓரிடம் அடைபட்டுவிட்டது என்று கொள்வோம். அடைப்புக்கு மேலே நீரும் காற்றும் தேங்குகின்றன, குடல் உப்புகிறது. உப்பிய குடல் நீரை உறிஞ்சும் வல்லமையை இழந்து, மேலும் நீரைக் கசியவிடுகிறது. நோயாளி ஒரு வாய் தண்ணீரும் குடிக்காதிருக்கலாம். ஆயினும் அவர் உடலின் நீர் குடலுக்குள் சென்று முடங்கிக்கொள்கிறது. வாந்தியினால் நீரோடு உப்புச் சத்துகளும் வெளியேறுகின்றன. நாக்கு வறண்டு, கண்கள் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்து, நாடி விரைகிறது.

இந்த நிலையில் பேதி மருந்து கொடுத்தால் நிகழ்வது யாது? நம் சிவகங்கைச் சீமையின் உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கண்மாயின் மடை அடைபட்டிருக்கையில், மேலே வரத்துக்கால் வழியாக இன்னும் நீரைத் திறந்துவிட்டால் மடை திறக்குமோ? கரையன்றோ உடையும்? அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பதும் அத்தகையதே. ஏற்கெனவே அடைப்பை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கும் குடலை அது மேலும் முறுக்கிப் பிழிகிறது. உப்பிய குடல் கிழியும் அபாயம் உண்டாகிறது.

அடைப்பிலும் இருவகை உண்டு. குழாயின் உள்வழி மட்டும் அடைபடுவது ஒன்று. குடல் முறுக்கிக்கொள்வதாலோ, குறுகிய துவாரத்தில் நெரிபடுவதாலோ, குடலுக்கு வரும் இரத்த ஓட்டமும் நின்றுபோவது மற்றொன்று. பின்னதில் கணக்கு நாளிலன்று, மணியில். இரத்தம் கிடைக்காத குடற்பகுதி ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள்ளேயே அழுகத் தொடங்கிவிடலாம். பின்னர் அது பொத்துப்போய், நஞ்சு வயிறெங்கும் பரவுகிறது.

நான்கு அடையாளங்கள்

குடல் அடைப்பை வீட்டார் கண்டுகொள்ள நான்கு அடையாளங்களை நினைவிற் கொள்வது போதுமானது.

முதலாவது, வலி. அது அலையலையாய் வரும். சில நிமிடம் பிழிந்தெடுத்துவிட்டுச் சற்றே ஓய்ந்து, மீண்டும் தொடங்கும். வலி வரும்போது வயிற்றுக்குள் உருட்டும் ஓசை கேட்பதும் உண்டு.

இரண்டாவது, வாந்தி. முதலில் உண்ட உணவும், அடுத்துப் பச்சை நிறப் பித்தநீரும், நேரம் செல்லச் செல்லப் பழுப்பு நிறத்தில் துர்நாற்றம் வீசும் நீரும் வெளிவரும்.

மூன்றாவது, வயிறு உப்புதல். வேட்டி முடிச்சும் பாவாடை நாடாவும் இறுக்குகின்றன என்று நோயாளியே சொல்லுவார்.

நான்காவது, மலமும் காற்றும் வெளியேறாமை. மலச்சிக்கல் உள்ளவருக்கு நான்கு நாள் மலம் கழியாவிட்டாலும் காற்றுப் பிரியும், வாந்தி இராது. முழு அடைப்பிலோ காற்றும் நின்றுவிடும். மலச்சிக்கலுக்கும் அடைப்புக்கும் உள்ள வேறுபாட்டை அறிய எளிய வழி இதுவே.

இந்நான்கும் ஒருங்கே தோன்ற வேண்டும் என்று காத்திருத்தலாகாது. அடைப்பு சிறுகுடலின் மேற்பகுதியில் இருந்தால் வாந்தி முந்தி வரும். வயிறு அவ்வளவாக உப்பாது. பெருங்குடலில் இருந்தால் வயிறு முதலில் உப்பும். வாந்தி பிந்தியே வரும். அடைப்புக்குக் கீழே முன்னரே தங்கியிருந்த மலம் ஒருமுறை வெளியேறவும் கூடும். அதனைக் கண்டு, 'வயிறு திறந்துவிட்டது' என்று ஏமாறலாகாது. விட்டு விட்டு வந்த வலி ஓயாத வலியாக மாறுவதும், காய்ச்சல் காண்பதும், வயிறு பலகை போல் இறுகித் தொட்டாலே துடிப்பதும் குடல் அழுகத் தொடங்கியதன் அறிகுறிகள். வலி திடீரென நின்று நோயாளி சோர்ந்து போவாராயின், நோய் தணிந்தது என்று மகிழ்தல் பெருந்தவறு.

குழந்தைகளிடத்தில்

இந்நோய்க்கு வயது வரம்பில்லை. ஆனால் வயதுக்கேற்பக் காரணம் மாறும்.

பிறந்த சிசு முதல் 24 மணி நேரத்திற்குள் கருமையான முதல் மலத்தைக் கழிக்க வேண்டும். இரண்டு நாளாகியும் கழியாமல் வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தால், குடலில் பிறவிக் குறை இருக்கலாம். பெருங்குடலின் இறுதிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமையால் மலம் நகராத குறை அவற்றுள் ஒன்று. கோப்பன்ஹேகன் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹிர்ஷ்ஸ்பிரங் என்பவர் 1886-ஆம் ஆண்டு அதனை விளக்கிக் கூறினார். அவர் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது. இன்று அதனை அறுவை சிகிச்சையால் சீர்செய்ய இயலுகிறது.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம், சிறப்பாக நான்கு மாதம் முதல் பத்து மாதம் வரையில், குடல் செருகல் என்பது காணப்படுகிறது. சட்டைக் கையை உட்புறமாய்த் தள்ளினால் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் புகுவது போன்று, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்கிறது. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடும், சற்று நேரம் வெளிறிச் சோர்ந்து கிடக்கும், மீண்டும் வீறிடும். பின்னர் சளியும் இரத்தமும் கலந்து செந்நிறக் கூழ் போல் மலம் வரும்.

இங்கேதான் நம் தென்மாவட்டத் தாய்மார்க்கு ஒரு சொல் கூற விரும்புகிறோம். குழந்தை வாந்தி எடுத்தால், 'தொக்கம் விழுந்துவிட்டது' என்று தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிச் செல்வதும், 'குடல் ஏறிவிட்டது' என்று வயிற்றில் எண்ணெய் தடவி வழிப்பதும் இன்னும் மறையவில்லை. ஏதோ ஒன்று உள்ளே அடைத்துக்கொண்டது என்று நம் முன்னோர் எண்ணியதை நாம் எள்ளி நகையாட மாட்டோம்; குழந்தையின் குடலில் உண்மையாகவே அடைப்பு நேர்வதுண்டு. ஆனால் அதனை வாயால் உறிஞ்சி எடுக்கவோ, கையால் வழித்து இறக்கவோ ஒருவராலும் முடியாது. வழிப்பதால் நோவு மிகும். அலைவதால் நேரம் போகும். அதே குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால், ஸ்கேன் மூலம் செருகலைக் கண்டு, ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்புநீரையோ அளவான அழுத்தத்துடன் செலுத்தி, கத்தியின்றியே பெரும்பாலும் செருகலை விடுவித்துவிடுகிறார்கள். நாள் கடந்து சென்றால் வயிற்றைத் திறந்து குடலையே வெட்டியெடுக்க நேரிடும்.

குடல் செருகலைப் பற்றிப் பேசுகையில், பெற்றோர் சிலருக்கு உள்ள ஓர் ஐயத்தையும் தீர்த்துவிடுவோம். ரோட்டா வைரஸ் எனும் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்து 2017 முதல் நம் மாநிலத்தில் குழந்தைகட்கு அரசால் வழங்கப்படுகிறது. முன்னர் அமெரிக்காவில் வழங்கிய வேறொரு ரோட்டா தடுப்பு மருந்து குடல் செருகலை உண்டாக்குகிறது எனக் கண்டு, 1999-ல் அதனை நிறுத்தினார்கள். ஆகவே நம் நாட்டு மருந்து வழக்கிற்கு வந்தபின், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் முதலியோர் பல மருத்துவமனைகளில் கண்ணும் கருத்துமாய்க் கண்காணித்தார்கள். இம்மருந்தால் குடல் செருகல் மிகவில்லை என்ற முடிவு 2020-ல் வெளியாயிற்று. ஆதலின் பெற்றோர் அஞ்சாது சொட்டு மருந்து கொடுக்கலாம்.

சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் நாக்குப்பூச்சி அடைப்பை உண்டாக்குவதுண்டு. உருண்டைப் புழு எனப்படும் இது ஒரு சாண் நீளத்திற்கும் மேல் வளரும். நூற்றுக்கணக்கில் பெருகினால், கயிற்றுப் பந்து போல் பின்னிக்கொண்டு குடலை அடைத்துவிடும். வெறுங்காலோடும் கழுவாத கையோடும் மண்ணில் விளையாடி வரும் பிள்ளைகளுக்கு நகம் வெட்டி, சோப்பிட்டுக் கைகழுவப் பழக்குவதே இதற்கு முதல் மருந்து. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அதனை வேண்டாமென்று ஒதுக்கலாகாது.

காசநோயும் குடலும்

காசநோய் என்றால் நுரையீரலை மட்டுமே நாம் எண்ணுகிறோம். அது குடலையும் பற்றும். சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் புண் உண்டாகி, அது ஆறும்போது தழும்பு சுருங்கி, குழாய் குறுகிவிடுகிறது. மேலைநாடுகளில் அரிதாகிப்போன இக்காரணம் நம் நாட்டில் இன்றும் மறையவில்லை. மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, பசியின்மை, சாப்பிட்ட பின் வயிற்றில் பந்து உருளுவது போன்ற நோவு, சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதி என மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தால், இதனை ஐயுற வேண்டும். காய்ச்சாத பாலை அருந்துவதாலும் ஒருவகைக் காசக்கிருமி குடலை அடையும். பாலை நன்கு காய்ச்சியே அருந்துக.

இந்நோயைத் தீர்க்கும் வழியைக் காட்டியதில் தமிழகத்திற்குப் பெரும்பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்தால் குணப்படுத்தலாம் என்பதை உலகிற்கு மெய்ப்பித்தது. அதே மையத்தார், வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாதக் கூட்டு மருந்துச் சிகிச்சை, பன்னிரண்டு மாதச் சிகிச்சைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்று ஆராய்ந்து கண்டு 1997-ல் வெளியிட்டனர். ஆகவே குடல் முற்றும் குறுகுமுன் நோயைக் கண்டுகொண்டால், பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாது. அரசு மருத்துவமனைகளில் காசநோய் மருந்து இலவசம்.

நெய்யூர் காட்டிய வழி

சிறுகுடலுக்குள் நுழையும் வாசலிலேயே அடைப்பு நேர்வதும் உண்டு. முன்சிறுகுடலில் நாட்பட்ட புண் ஆறி ஆறித் தழும்பேறி, இரைப்பையின் கீழ்வாயை மூடிவிடும். காலையில் உண்டதை மாலையில் அப்படியே வாந்தி எடுத்து, மக்கள் எலும்பும் தோலுமாய்ப் போவார்கள். கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாளில், அப்பகுதியில் இந்நோய் மிகுதியாய் இருந்தது. நெய்யூர் இலண்டன் மிஷன் மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் ஹோவர்டு சோமர்வெல் அதற்கு அறுவை சிகிச்சை செய்வதிற் பேர்பெற்றவர். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் மலை ஏறச் சென்ற குழுக்களில் இடம்பெற்ற ஆங்கிலேயர் அவர். முதற் பயணத்தின்பின் நெய்யூரைக் காண வந்தவர், அங்குக் குவிந்திருந்த நோயாளிகளைக் கண்டு, இலண்டனில் காத்திருந்த வாழ்வை விட்டு நெய்யூரிலேயே தங்கினார். அடைபட்ட வாயைத் தவிர்த்து, இரைப்பையை நேரே சிறுகுடலோடு இணைத்துப் புதுவழி அமைத்தார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் கற்பித்தார்.

இப்புண்ணுக்கு ஒரு நுண்கிருமியே பெருங்காரணம் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் இராபின் வாரனும் 1982-ல் கண்டறிந்து, அதற்காக 2005-ல் நோபல் பரிசு பெற்றனர். இன்று உரிய காலத்தில் மாத்திரைகளாலேயே புண் ஆறிவிடுவதால், இவ்வகை அடைப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

மறைப்பதால் வரும் கேடு

இனி நாம் கூறவிருப்பது சற்றுக் கூச்சம் தரும் பொருள். ஆயினும் கூறாதிருத்தல் குற்றமாகும்.

வயிற்றுத் தசையில் பலவீனமான ஓரிடத்தின் வழியே குடல் வெளியே துருத்துவதைக் குடலிறக்கம் என்கிறோம். ஆண்களுக்குப் பெரும்பாலும் அரையிடுக்கிலும், பெண்களுக்குத் தொப்புளிலும் தொடையடியிலும், இருபாலார்க்கும் பழைய அறுவைத் தழும்பிலும் இது தோன்றும். படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்தால் வெளியே வரும். நோவு இல்லாதவரை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஒருநாள் அது உள்ளே போகாமல் துவாரத்தில் நெரிபட்டு, இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அப்போது வீக்கம் கல் போல் இறுகி நோவும்; வாந்தி தொடங்கும். அதனைக் கையால் அழுத்தித் தள்ள முயலாமல் அக்கணமே புறப்பட வேண்டும்.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மனைவி கரோலின் அரசியார்க்கு, 1724-ல் கடைசிக் குழந்தையைப் பெற்றபோது தொப்புளில் குடலிறக்கம் கண்டது. வெட்கத்தால் அவர் அதனை மருத்துவர்க்கும் கூறாது மறைத்தார். கணவர் அதனை அறிந்திருந்தார். 1737 நவம்பரில் அது நெரிபட்டது. காரணம் அறியாத அரண்மனை மருத்துவர்கள் மருந்துமேல் மருந்தாகக் கொடுத்தனர். பேதி மருந்தும் கொடுத்தனர். மன்னர் உண்மையைச் சொன்னபோது காலம் கடந்திருந்தது. பதினொரு நாள் துன்புற்று அரசியார் இறந்தார். அந்தக் கடைசிக் குழந்தையே பின்னர் டென்மார்க்கின் அரசியான லூயிசா. அவரும் 1751-ல், 27 வயதில், நெரிபட்ட குடலிறக்கத்தாலேயே மாண்டார்.

அரசிகளுக்கு அன்று நல்ல அறுவை சிகிச்சை கிட்டவில்லை. நமக்கோ அது வெகு அருகிலேயே கிட்டுகிறது. குறித்த நாளில் சென்று செய்துகொள்ளும் குடலிறக்க அறுவை இன்று எளியது. சிலநாளில் வீடு திரும்பலாம். இருந்தும், 'இதை எப்படிக் காட்டுவது' என்று ஆண்டுக்கணக்கில் சேலைக்குள் மறைத்து வைக்கும் ஆச்சிமாரும், 'அண்டவாதம்தான்' என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கும் ஆடவரும் நம்மிடையே இருக்கிறார்கள். மறைப்பதற்கு இது பழியோ பாவமோ அன்று. தசையில் விழுந்த ஓர் இடைவெளி, அவ்வளவே.

பழைய தழும்பும் முதுமையும்

குடல்வால் அறுவை, சிசேரியன், கருப்பை அகற்றுதல் என முன்பு எப்போதேனும் வயிற்றில் அறுவை நிகழ்ந்திருந்தால், உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நார்க்கட்டுகள் உண்டாகலாம். அவற்றில் குடல் மாட்டிக்கொண்டால் அடைப்பு நேரும். மேலைநாடுகளில் சிறுகுடல் அடைப்பின் தலையாய காரணம் இதுவே. அறுவை நிகழ்ந்து இருபது ஆண்டு கழிந்தும் இது வரலாம். ஆகவே வயிற்றில் தழும்புள்ளவர், வலியோடு வாந்தியும் கண்டால், மருத்துவரிடம் தழும்பைப் பற்றி முதலிலேயே சொல்ல வேண்டும்.

முதியோரிடம் மூன்று காரணங்கள் முதன்மையானவை. ஒன்று, பெருங்குடற் புற்று. ஐம்பது வயதுக்குமேல் மலம் கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறினாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், 'மூலம்தான்' என்று தாமே முடிவு கட்டாது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அடைக்குமுன் கண்டால் புற்றையும் வெல்லலாம். இரண்டாவது, பெருங்குடலின் நீண்ட வளைவு முறுக்கிக்கொள்ளுதல். வயிறு சில மணி நேரத்திலேயே பானை போல் உப்பும். மூன்றாவது, மலம் இறுகிக் கல்லாதல். படுத்த படுக்கையாய் இருப்போர்க்கும், தண்ணீர் போதிய அளவு குடியாதோர்க்கும், கடும் வலி மாத்திரைகளை நெடுநாள் உண்போர்க்கும் இது நேரும். பல்லில்லாத பெரியவர்கள் நார் மிகுந்த பண்டங்களை மெல்லாது விழுங்குவதும் ஆபத்தே. பனங்கிழங்கையும் ஆரஞ்சுச் சக்கையையும் அவர்களுக்குக் கொடுக்கும்போது நாரை நீக்கிக் கொடுத்தல் நன்று.

மருத்துவமனையில் நடப்பது

'அடைப்பு என்றால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள்' என்ற அச்சத்தாலேயே பலர் தயங்குகிறார்கள். உண்மை அதுவன்று. முதலில் நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றி, இழந்த நீரை ஈடுசெய்கிறார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை இரைப்பைக்குள் செலுத்தித் தேங்கிய நீரையும் காற்றையும் உறிஞ்சி எடுக்கிறார்கள். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் ஓவன் வாங்கன்ஸ்டீன் 1930-களில் பரப்பிய இந்த எளிய முறையால், அடைப்பினால் மாண்டோர் தொகை பெரிதும் குறைந்தது. எக்ஸ்ரே படத்திலும் சி.டி. ஸ்கேனிலும் அடைப்பு எங்குள்ளது, இரத்த ஓட்டம் உள்ளதா என்பன தெரிந்துவிடும். பழைய தழும்பின் ஒட்டுதலால் வந்த அடைப்பாயின், கத்தி படாமலேயே இரண்டு மூன்று நாளில் பலருக்கு அவிழ்ந்துவிடுகிறது. முறுக்கிய பெருங்குடலைப் பலமுறை ஆசனவாய் வழிக் குழாயாலேயே விடுவிக்கிறார்கள். இரத்த ஓட்டம் நின்ற குடலுக்கே உடனடி அறுவை கட்டாயம்.

சிலருக்குக் குடலின் முனையை வயிற்றின்மேல் திறந்துவைத்து, மலம் பையில் சேரும்படி செய்வதுண்டு. குடும்பத்தார் இதனைக் கேட்டதும் கலங்குகிறார்கள். பெரும்பாலோர்க்கு இது சில மாத ஏற்பாடே. புண் ஆறியபின் குடலை மீண்டும் இணைத்துவிடுகிறார்கள். நிரந்தரமாய் வைத்துக்கொண்டு வேலைக்கும் விழாவுக்கும் சென்று வருவோரும் உளர்.

வீட்டார் செய்ய வேண்டுவன

வலியோடு வாந்தியும், உப்பிய வயிறும், காற்றுப் பிரியாமையும் கண்டால், வாய்வழியே ஒன்றும் கொடாதீர்கள். விளக்கெண்ணெய், கடுக்காய்ச் சூரணம், சோடா, ஓமத் தண்ணீர் யாவும் அப்போது வேண்டா. வயிற்றைத் தடவி வழித்தல் வேண்டா. மருந்துக் கடையில் வலி நிறுத்தும் ஊசியைப் போட்டுக்கொண்டு உறங்கிவிடுதலும் வேண்டா. வலி எப்போது தொடங்கிற்று, கடைசியாகக் காற்றுப் பிரிந்தது எப்போது, முன்பு நடந்த அறுவை யாது, உண்ணும் மாத்திரைகள் யாவை என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

2008 முதல் 108 என்ற எண்ணை அழைத்தால் ஊர்தி வந்துவிடுகிறது. காரைக்குடியில் அரசு மருத்துவமனை உண்டு. சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நடைபெறுகிறது. அது நமக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர வழி. அதற்கு மேலும் வேண்டின் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை முன்கூட்டியே பெற்று வைத்திருத்தல் நன்று. நள்ளிரவில் பணத்தை எண்ணித் தயங்க வேண்டியிராது.

இறுதியாக ஒன்று. நம் ஊர்களில் நாலு கட்டு வீடுகளிலே வயதான தாய் தந்தையர் தனித்திருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும், பெங்களூரிலும், சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். நாள்தோறும் தொலைபேசியில், 'சாப்பிட்டீர்களா?' என்று தவறாமல் கேட்கிறார்கள். அது நல்ல வழக்கம். 'வயிறு சரியில்லை அப்பச்சி' என்றோ, 'ரெண்டு நாளா ஒண்ணும் இறங்கலை ஆத்தா' என்றோ பெரியவர் சொல்லும் நாளில், இன்னும் ஒரு கேள்வியைக் கூச்சமின்றிக் கேளுங்கள்: 'காற்றுப் பிரிந்ததா? வாந்தி உண்டா?' பிரியவில்லை, வாந்தியும் உண்டு என்று மறுமொழி வருமாயின், பக்கத்து வீட்டாரை அழைத்து அப்போதே ஊர்திக்குச் சொல்லுங்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள்.